நடுவில் உங்கள் இஷ்டம்

அக்கா ஒரு வெப்சைட் பக்கத்தை முழுதாகச் செய்து நான் பார்த்ததே இல்லை. மேல் பகுதியைச் செய்வார், கீழ்ப் பகுதியைச் செய்வார், நடுவை வெறுமையாக விட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார். "நடுவுல உங்க இஷ்டம். மேலயும் கீழயும் மட்டும் தொடாதீங்க" என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சே அதுதான். வந்தவளை வாங்க, உட்காருங்க என்று சொல்ல ஒரு வாய் இல்லையா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

ஹட்டன் கடைத்தெருவில் ஒரு போட்டோகாப்பிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் எங்கள் கம்பனி. கீழே கடை, மேலே வெப்சைட் வேலை, இரண்டுக்கும் ஒரே முதலாளி. நானுஓயாவில் விடுதி நடத்துகிறவர்கள், வேன் வாடகைக்கு விடுகிறவர்கள், ஒரு கல்யாண மண்டபம், ஒரு மாரியம்மன் கோயில், கொட்டகலைப் பக்கம் இரண்டு டியூஷன் வகுப்புகள் என்று நாற்பது பேர் எங்களிடம் வெப்சைட் வைத்திருந்தார்கள். அந்த நாற்பதுக்கும் மேலும் கீழும் அவர் எழுதியது.

கம்ப்யூட்டர் வேலை தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு வெப்சைட்டில் இருபது பக்கம் இருந்தால் இருபதிலும் மேலே அதே பெயர், அதே மெனு. கீழே அதே முகவரி, அதே போன் நம்பர். இதை இருபது தடவை எழுதி வைக்கிறவர்கள் உண்டு. நம்பர் மாறினால் பத்தொன்பது இடத்தில் திருத்திவிட்டு ஒன்றை மறந்துவிடுவார்கள். அவர் அதை ஒரே ஒரு ஃபைலில் எழுதி நடுவில் ஓர் இடம் விடுவார். அதற்கு லேஅவுட் என்று பெயர், நாங்கள் மாஸ்டர் என்போம். மற்றப் பக்கங்களின் தலையில் ஒரே ஒரு வரி இருக்கும், என்னைக் கொண்டுபோய் மாஸ்டருக்குள் வை என்று. யாராவது பக்கத்தைத் திறந்ததும் மேலும் கீழும் மாஸ்டரிலிருந்து வரும், நடு மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வரும். மாஸ்டரில் ஒரு எழுத்தைத் திருத்தினால் எல்லாப் பக்கமும் திருந்திவிடும்.

இதோடு விட்டிருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. அவர் இன்னும் ஒரு படி போயிருந்தார். நாற்பது வெப்சைட்டுக்கும் சேர்த்தே ஒரே மாஸ்டர். எந்தக் கடையின் வெப்சைட்டைத் திறக்கிறோமோ அந்தக் கடையின் பெயரும் நிறமும் தானாக வந்து உட்காரும். "ரெண்டாவது தடவ எழுதினா அது வேல இல்லீங்க, தண்டன" என்பார். "எங்கம்மா முப்பது வருஷமா அதே மலையில அதே செடியில வாரம் ஒருக்கா கொழுந்து எடுக்குறாங்க. எங்க வீட்டுல அந்த வேலைய ஒருத்தர் செஞ்சது போதும்."

அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர், மழையோ வெயிலோ கழற்றமாட்டார். தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். வேலை மேல் அத்தனை பற்று என்று முதலாளி பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். எனக்கு இரண்டாம் வாரமே உண்மை தெரிந்துவிட்டது. அந்த இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜன்னல்தான். முதலில் வருகிறவருக்கு அதன் ஓரத்து மேசை. ஜன்னலில் பெரிதாக என்ன தெரியும், எதிர்க் கடையின் தகரம், கரண்ட் கம்பி, பனி விலகினால் தேயிலை மலையில் ஒரு துண்டு. அதைப் பார்த்துக்கொண்டே பால் விடாத பிளேன்டீயைக் குடிப்பார். ஒருநாள் வேண்டுமென்றே நான் முந்திக்கொண்டு அங்கே உட்கார்ந்தேன். அவர் வேறு மேசைக்குப் போனார். அன்று முழுக்க அவருடைய டீ ஆறிக் கிடந்தது. அடுத்த நாள் வழக்கமான நேரத்துக்கே போனேன்.

மாஸ்டருக்குள் அடங்காமல் தனியாக ஒரு பக்கம் செய்யலாம். தலையில் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால் போதும். ஒருமுறை கல்யாண மண்டபத்துக்கு அப்படி ஒரு பக்கம் செய்து காட்டினேன். திரை முழுக்கப் பூ, மெனு கிடையாது, ஒன்றும் கிடையாது. எனக்குப் பரம திருப்தி. அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுலயிருந்து திரும்பிப் போறது எப்படி?" என்றார்.

"திரும்பிப் போக வேணாம்க்கா. இதுவே தனிப் பக்கம்."

"அப்படித் தனியாப் போனா அத யாரு கவனிப்பா?" என்று சொல்லிவிட்டு அந்த ஒரு வரியை அவரே தலையில் சேர்த்துவிட்டார். பூவுக்கு மேலே மெனுவும் கீழே முகவரியும் வந்து உட்கார்ந்தன. எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் அவரோடு சேர்ந்து சாப்பிடவில்லை.

இத்தனை வேலையையும் தானாக நடக்கும்படி செய்தவர் ஒன்றை மட்டும் கையால்தான் செய்வார். எல்லாப் பக்கத்தின் அடியிலும் அந்த வருஷத்தின் எண் இருக்கும். அதைத் தானாக மாறவைக்க ஒரே ஒரு வரி போதும், பயிற்சிக்கு வருகிறவர்களுக்கே தெரியும். அவர் எழுதவில்லை. ஜனவரி முதலாம் திகதி வந்ததும் ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, மாஸ்டரைத் திறந்து, பழைய எண்ணை அழித்துப் புதியதை அடிப்பார். பிறகு நாற்பது வெப்சைட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து அடியில் போய்ப் பார்ப்பார்.

"ஏன்க்கா, இதுக்கு மட்டும் சோம்பலா?" என்று சீண்டினேன்.

"தானா மாறிட்டா, இங்க இன்னொரு வருஷம் இருந்துட்டேன்னு எனக்கே தெரியாமப் போயிரும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஜனவரியில்தான் அவர் போகப் போவது உறுதியானது. உண்மையில் என்னை வேலைக்கு எடுத்ததே அவர் போவதற்காகத்தான். கொழும்பில் ஒரு கம்பனி அவரை எடுப்பதாகச் சொல்லியிருந்தது. நான் வருவதற்கு முன்பே முதலாளியிடம் கேட்டிருந்தார். கேட்காமல் அவர் எதையும் செய்யமாட்டார். தனக்குப் பதிலாக ஓர் ஆளைப் பழக்கி மாஸ்டரை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று முதலாளி சொன்னார். அந்த ஆள் நான். மார்ச் முதலாம் திகதி போவதாக ஏற்பாடு. பெப்ரவரி நடுவில் ஒரு நாள் லீவு போட்டு, வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடவும் அம்மாவோடு இருக்க ஓர் அறை பார்க்கவும் கொழும்புக்குப் போனார். அடுத்த நாள் காலை ரயிலில் திரும்பி மத்தியானத்துக்குப் பிறகு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அந்தக் காலையில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நானுஓயா விடுதிக்காரரின் தகப்பனார் இறந்துவிட்டார். வீட்டிலிருந்து போன் வந்தது. வெள்ளைக்கொடி கட்டியாயிற்று, நோட்டீஸ் அடித்தாயிற்று, வெப்சைட்டிலும் போட வேண்டும் என்றார்கள். "மேல போட்டோவோட போடுங்க, எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் வரணும்" என்றார்கள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வர வேண்டும் என்றால் எங்கே எழுத வேண்டும்? மாஸ்டரில்தான். அவர் சொல்லிக் கொடுத்தபடி, இரண்டாவது தடவை எழுதாமல், ஒரே தடவை எழுதினேன். கறுப்புக் கரையிட்ட படம், ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருகிறோம், துக்கத்தின் காரணமாக மூன்று நாட்கள் மூடப்பட்டிருக்கும். ஒரு தவறும் இல்லாத தமிழ். இது அந்த விடுதிக்கு மட்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அதைத்தான் விட்டுவிட்டேன்.

இறந்துபோன பெரியவர் நாற்பது வெப்சைட்டின் தலையிலும் போய் உட்கார்ந்துவிட்டார். கல்யாண மண்டபத்தில் அவர். வேன்காரரிடம் அவர். டியூஷன் வகுப்பில் அவர். அதெல்லாம்கூடப் பரவாயில்லை, கோயிலிலும் அவர். மாரியம்மனுக்கு அந்த வெள்ளிக்கிழமை தேர். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து சனம் கிளம்ப, பஸ் நேரம் பார்ப்பதற்காகக் கோயில் வெப்சைட்டைத் திறந்தவர்களுக்கு, துக்கத்தின் காரணமாக மூன்று நாட்கள் மூடப்பட்டிருக்கும் என்று வந்தது.

கோயில் தலைவர் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஏம்மா, கொடியேத்தின கோயிலுக்குத் தீட்டு எழுதி வச்சிருக்கீங்களே. நீங்க யாரு வீட்டுப் புள்ள?" என்று மெதுவாகக் கேட்டார். அவசரத்தில் எழுதியதை எடுக்கப் போய், நடுவுக்கு இடம் விட்டிருந்த வரியையும் சேர்த்து அழித்துவிட்டேன். இப்போது நாற்பதிலும் மேல் இருக்கிறது, கீழ் இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. அக்காவுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை, ரயில் மலை ஏறிக்கொண்டிருந்திருக்கும். முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எங்க அது, எங்க அது" என்று அக்காவைத் தேடிக்கொண்டேயிருந்தார்.

அக்கா பையைத் தோளில் போட்டபடியே படியேறி வந்தார். என்ன நடந்தது என்று கேட்கக்கூட இல்லை. நான் எழுந்துகொள்ள, உட்கார்ந்தார். நாலு நிமிஷம் இருக்கும். பெரியவர் போய்விட்டார், தேர்ப் படம் வந்துவிட்டது. "ஹரி மாத்தயா, தங் ஹரி" என்று வேன்காரருக்குப் போன் போட்டு, இப்போது சரியாகிவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார். கோயில் தலைவரிடம் ரொம்ப நேரம் பேசினார். பிறகு முதலாளியின் அறைக்குள் போனார். நடுவில் வெறும் பலகைச் சுவர், பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது.

"இந்தப் புள்ளைய இன்னிக்கே நிப்பாட்டுறேன்" என்றார் முதலாளி.

"வேணாம் சார். நான் பழக்கின வழியிலதான் செஞ்சிருக்காங்க. அந்த ஒரு வரிய நான் சொல்லிக் குடுக்கல."

"சொல்லிக் குடுத்தீங்களோ இல்லையோ, நீங்க போனப்புறம் இப்படி ஒண்ணு நடந்தா நான் யாருகிட்டப் போறது? நாப்பது பேரும் ஒரே நாள்ல என் கழுத்தப் புடிப்பான்."

"அவங்க வீட்டுல இவங்க ஒருத்தங்கதான் சார் வேல செய்றாங்க."

"அப்ப நீங்க இருங்க. நீங்க இருந்தா அந்தப் புள்ளையும் இருக்கட்டும். மாஸ்டர்ல உங்களத் தவிர ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

அவர் என்ன நினைத்துக்கொண்டு நின்றாரோ. "சரிங்க சார்" என்று மட்டும் கேட்டது.

வெளியே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டு, "இனிமே மேலயும் கீழயும் தொடவே மாட்டேன்க்கா, சத்தியமா" என்றேன். "அழாத. மொகத்தக் கழுவிட்டு வா" என்றார். அதுவரை என்னை நீங்க என்றுதான் அழைத்தார். அன்றிலிருந்து நீ.

உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குத் துக்கத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. வேலை தப்பியதே என்று இருந்தது. அவர் எதைக் கொடுத்துவிட்டு வந்தார் என்பது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோதுதான் புத்தியில் ஏறியது. மன்னிப்புக் கேட்பதற்காக ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு போயிருந்தேன்.

ஒரு நீளமான லயம். பத்து வீடு, பத்து வாசல், மேலே ஒரே தகரம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வாசல் துண்டுக்கு மட்டும் ஒரு நிறம் அடித்திருந்தார்கள். நீலம், ரோஸ், பச்சை. அவர் வீட்டு வாசல் மஞ்சள். உள்ளே பகலிலும் பல்பு எரிந்தது. பின்சுவரில் கரிக்கோட்டால் ஒரு சதுரம் போட்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "ஜன்னல்" என்றார். "தோட்டத்து ஆபீஸுக்கு மூணு தடவ எழுதிக் குடுத்தேன். லயத்துச் செவுருல ஓட்ட போட முடியாதாம், ஒருத்தருக்கு விட்டா பத்துப் பேரும் கேப்பாங்களாம்." அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் அந்தச் சுவரை உதைக்க வேண்டும் போல இருந்தது.

அவருடைய அம்மா எனக்கு டீ கொண்டுவந்தார். கிளாசில் இல்லை, பிளாஸ்டிக் கோப்பையில். "தப்பா நெனைக்காத கண்ணு. கிளாசு, சட்டி பானையெல்லாம் சாக்குல கட்டிப்புட்டேன்" என்றார். மூலையில் இரண்டு சாக்குகள், வாய் தைத்து நின்றன. "கோழி நாலையும் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டோம். கொழும்புல கோழி வளக்க முடியாதாம்ல? நீயும் எங்களோட வந்துரு, கொஞ்ச நாளைக்கு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தலையை லேசாக ஆட்டினார், சொல்லாதே என்று.

"அங்க பாத்திருக்கிற ரூமுல ரெண்டு ஜன்னலாம்" என்று அம்மா என்னிடம் சொன்னார். "ரெண்டு எதுக்குங்கிறேன், ஒண்ணு போதாதா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அந்த அம்மாவின் காலில் விழலாமா என்று இருந்தது. விழவில்லை. டீயைக் குடித்துவிட்டு, போயிட்டு வாறேன்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அவ்வளவுதான் துணிச்சல்.

அவர் அம்மாவிடம் எப்படிச் சொன்னார், எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மார்ச் முதலாம் திகதி வழக்கம்போல முதல் பஸ்ஸில் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் இன்னும் ஆறு பேர் புதிதாக வெப்சைட் கேட்டு வந்தார்கள். ஆறையும் அதே மாஸ்டருக்குள் வைத்தார். "ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மாஸ்டர் பிரிச்சுக் குடுத்துட்டா நீங்க போயிரலாமேக்கா" என்று ஒருநாள் கேட்டேன். "சார்கிட்டக் கேட்டேன். இப்ப வேணாம்னுட்டாரு" என்றார். முதலாளி ஏன் வேண்டாம் என்றார் என்று எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்டார், இல்லை என்றதும் வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் மேல் எனக்கு இருந்த பாசத்தில் பாதி இந்த இடத்தில்தான் கசந்துபோனது. ஒருமுறையாவது கேட்காமல் செய்யக் கூடாதா இந்த மனுஷி என்று இருந்தது.

அடுத்த ஜனவரியில் எண்ணை மாற்றிவிட்டு, நாற்பத்தாறு வெப்சைட்டையும் பார்த்து முடித்துவிட்டு, ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கொழும்புக் கம்பனியின் மின்னஞ்சல் விலாசம்.

"உன் பேரச் சொல்லியிருக்கேன். எழுதிப் போடு."

"நீங்கக்கா?"

"ரெண்டு பேரும் உள்ளயே கெடக்கணும்னு என்ன இருக்கு? மாஸ்டர் ஒன்கிட்ட இல்ல. ஒன்ன யாரும் புடிச்சு வைக்க மாட்டாங்க."

வேண்டாம் என்று இரண்டு நாள் சொன்னேன். மூன்றாம் நாள் எழுதிப் போட்டேன். அவர் இடத்துக்குத்தான் நான் போனேன், இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழியில்லை. ஹட்டன் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப அவர் வரவில்லை, வேன்காரருக்கு ஏதோ அவசர வேலை என்றார். முதலில் அடிக்கடி போன் பேசினோம். பிறகு நான் குற்றவுணர்ச்சியில் குறைத்துக்கொண்டேன், அவரும் கேட்கவில்லை.

ஆனால் ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் நான் ஒன்று செய்வேன். ஆபீஸ் போனதும் அந்த மாரியம்மன் கோயில் வெப்சைட்டைத் திறந்து, அடிக்குப் போய்ப் பார்ப்பேன். எண் மாறியிருக்கும். அவர் நலமாக இருக்கிறார் என்றும் பொருள், அவர் அங்கேயே இருக்கிறார் என்றும் பொருள். நாலு ஜனவரி அப்படிப் பார்த்தேன். நாலு தடவையும் அந்த எண்ணைப் பார்த்ததும் மனம் சுருங்கிப்போகும், அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேசமாட்டேன்.

இந்த ஜனவரியில் எண் மாறவில்லை.

இரண்டாம் திகதி பார்த்தேன், இல்லை. மூன்று, நாலு, இல்லை. விடுதியைப் பார்த்தேன், மண்டபத்தைப் பார்த்தேன், எல்லாவற்றிலும் பழைய வருஷம். அவர் நம்பருக்கு அடித்தால், அந்த நம்பர் இப்போது பாவனையில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது. உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. பொங்கலுக்கு அடுத்த நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு முதலாளிக்கே போன் அடித்தேன்.

"அது போயிருச்சும்மா" என்றார். இறந்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன். "டிசம்பர் கடைசியில. வழக்கம்போல வந்துச்சு, சாவியையும் பாஸ்வேர்ட் எழுதின துண்டையும் என் மேசையில வச்சுட்டு எறங்கிப் போயிருச்சு. சொல்லல, கேக்கல. அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கு. கண்டிங்கிறாங்க, கொழும்புங்கிறாங்க."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, குரலில் தெரிந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

"நீ அடிச்சதும் நல்லதாப் போச்சு" என்றார் முதலாளி. "அந்த வருஷத்த மட்டும் மாத்தணும்மா. கோயில் தலைவரு தெனமும் கேக்குறாரு. புதுசா வந்திருக்கிறவரு அந்த ஃபைலத் தொறந்து பாத்துட்டுப் பயந்து மூடிப்புட்டாரு. ஒனக்குத்தான் தெரியுமே?"

"தெரியும் சார்."

"ஒரு நிமிஷ வேலதானே?"

"ஒரு நிமிஷம்தான் சார். ஆனா மேலயும் கீழயும் தொடமாட்டேன்னு அக்காவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

முதலாளி ஏதோ சொல்ல ஆரம்பித்தார், நான் போனை வைத்துவிட்டேன். இன்று காலையும் திறந்து பார்த்தேன். கோயில் வெப்சைட்டில் புதிய தேர்ப் படம் போட்டிருக்கிறார்கள். அடியில் பழைய வருஷம் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும்.